பதினோரு கட்டங்கள்

ஐந்து நாளுக்கு ஒருமுறை கடக்கிறது செயற்கைக்கோள்.
மேகம் விட்டால் படம்.
ஃபிரீஸ்லாந்தில் மேகம் விடுவது அபூர்வம்.
மார்ச் தொடங்கி ஜூன் முடிய
இருபத்து நான்கு தடவை எங்கள் தலைக்கு மேல் வந்து
இருபத்தொரு தடவை
வெறும் பஞ்சு மூட்டையைப் படமெடுத்துப் போனது.

மிஞ்சிய மூன்றில் ஒன்று
இப்போது என் திரையில். மே பதினேழு.
நாங்கள் பட்டினி போடும் ஈரப் புல்வெளி.

பட்டினிதான், வேறு சொல் இல்லை.
எட்டு வருடமாக அறுத்துக் கட்டி
வண்டியேற்றி வெளியே அனுப்புகிறோம்.
ஒரு கை சாணம் திருப்பிப் போட்டதில்லை.
கொழுத்த மண்ணில் முரட்டுப் புல் எழுந்து
மற்ற எல்லாவற்றையும் நெரித்துவிடும்.
சதுப்பு ஆர்க்கிட்டுக்கு
இல்லாமை வேண்டும்.

அதனால் படம் பச்சைப்பசேலென்று வந்தால்
எங்களுக்கு வயிற்றைக் கலக்கும்.
பச்சைப் பொய் என்று முதலில் சொன்னவர்
இந்த நிறத்தைத்தான் பார்த்திருக்க வேண்டும்.

சிவப்பு முடிந்து
கண்ணுக்கு எட்டாத ஒளி தொடங்கும்
அந்த ஒடுங்கிய விளிம்பில்
இலை தான் தின்ற நைட்ரஜனை ஒப்புக்கொள்கிறது.
பாஸ்பரஸ் அப்படி இல்லை, மேலிருந்து தெரியாது.
தின்றவர் முகத்தை வைத்து
ஊகிக்க வேண்டியதுதான்.

வடகிழக்கு மூலையில், படலை அருகே
பதினோரு கட்டங்கள்.
கட்டம் ஒன்று பத்து மீட்டர்.
எட்டு வருடப் பட்டினி அங்கே மட்டும்
பலிக்கவில்லை.

வாத்துகள் என்றாள் யிக்கெ.
பக்கத்து வயலின் கழிவு என்றது கணக்கு.
துளைக்கோலோடு போனோம்.
கோரை முழங்கால் உயரம்.
மண் கறுத்து, பிசுபிசுத்து,
பரிசோதனைக் கூடத்தின் தாளில்
மற்ற இடத்தைப் போல் நான்கு பங்கு பாஸ்பரஸ்.

இரண்டாம் முறை துளைத்துக்கொண்டிருந்தபோது
சைக்கிளில் வந்து நின்றார் எல்க்கெ டெர்ப்ஸ்ட்ரா.
நிலத்தை விற்றவர்.
இறங்கவில்லை, ஒரு கால் தரையில்.

"இதுக்கு வானத்துக்குப் போகணுமா?
எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்."

எண்பத்து மூன்று வரைக்கும்
கறவை வண்டி நின்ற இடமாம் இது.
மே முதல் அக்டோபர் வரை, காலையும் மாலையும்,
இருபத்திரண்டு மாடுகள் முறைக்குக் காத்து நிற்கும்.
"மாடு நின்னா சும்மா நிக்காது."
மூன்றாம் ஃப்ரௌக்கெ, பதினாலாம் கிளாஸ்கெ,
சீட்ஸ்கெ, அப்புறம் அந்த உதைகாலி...
நான்காவதோடு நிறுத்திக்கொண்டார்.

எண்ணூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து
நான் பார்த்தது
செத்து நாற்பது வருடமான மாடுகளின்
பொறுமையின்மை.

அறுவடை இதைத் தீர்க்காது.
முப்பது சென்டிமீட்டர் மேல்மண்ணை
வழித்து எடுக்க வேண்டும் என்றேன்.
எங்கே கொட்டுவீர்கள் என்று கேட்டார்.
உருளைக்கிழங்கு போடும் ஒருவர் கேட்டிருக்கிறார்,
வண்டிக்கூலி அவர் செலவு.

"அப்ப அது நல்ல மண்ணு."

நல்ல மண்தான்.
அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.
அவர் அதற்குள் மிதித்துப் போய்விட்டார், எதிர்காற்றில்,
குனிந்து.

செப்டம்பரில் இயந்திரம் வந்தது.
இருபத்தாறு லாரி.
வழித்த இடத்தில் மழை தேங்கி
அக்டோபர் படத்தில் எங்கள் மென்பொருள்
பதினொன்றையும் ஏரி என்று எழுதியது.
கையால் திருத்தினேன்: வெறுந்தரை.

எல்க்கெ சில ஞாயிறுகளில்
படலையருகே நிற்கிறாராம், யிக்கெ சொன்னாள்.
பத்து மீட்டர்க் கட்டத்துக்குள்
ஒரு மனிதரும் சைக்கிளும்
எந்த நிறத்தையும் மாற்றுவதில்லை.
நான் பார்க்க வழியில்லை.

இன்று ஏப்ரல் ஒன்பது. மேகம் விட்டிருக்கிறது.
பத்துக் கட்டம் பழுப்பு.
ஏழாவதில் மட்டும் மெல்லிதாக ஒரு பச்சை.
கோரையோ, வேறெதுவோ.
பூட்ஸ் எங்கே என்று தேடுகிறேன்.